மெர்சி அக்கா ஆற்றிக் கொடுத்த தண்ணீர்

மெர்சி அக்காவின் வீட்டுக்காரர் சேவியர் அண்ணன் போன் செய்தபோது நான் பார்சல் டப்பாக்களில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன். சமைத்த நேரத்தையும், எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்பதையும் எழுதி ஒட்டாமல் எங்கள் பக்கம் இப்போது பார்சல் கொடுக்கக் கூடாது. கையில் பேனா, தோளுக்கும் காதுக்கும் நடுவே போன். "கோகிலா, மெர்சி போயிட்டாம்மா" என்றார். "எங்கீங்கண்ணா?" என்று கேட்டேன். ஒரு வருஷமாக மெர்சி அக்கா எங்கே வேலைக்குப் போகிறார், எந்த பஸ்ஸில் ஏறுகிறார் என்று யாராவது என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதுபோல ஒன்று என்றுதான் நினைத்தேன். அந்தப் பக்கம் அண்ணன் அழ ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. காலையில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை ஜீப்பில் ஏற்றுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கிறது.

ஏழாம் நாள் ஜெபத்தில் நீங்கள் எல்லோரும் பேசினீர்கள். ஏலப்பாறை முதல் குட்டிக்கானம் வரை கடை வைத்திருப்பவர்கள் பாதிப் பேர் அங்கே இருந்தீர்கள். மெர்சி கை பட்டால் சுத்தம், மெர்சி இருக்கிற சமையலறைக்கு எந்த ஆபீசரும் பயமில்லாமல் வரலாம், நாமும் பயமில்லாமல் நிற்கலாம் என்றீர்கள். நாலு வருஷம் அவரோடு சேர்ந்து கடை நடத்தியவள் நான்தான் என்பதால் என்னையும் பேசச் சொன்னீர்கள். குழந்தை அழுகிறாள் என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். குழந்தை அழவில்லை. நீங்கள் சொன்ன எதையும் நான் மறுக்க முடியாது. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளவும் என்னால் முடியாது. அதனால்தான் எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு இதை எழுதுகிறேன்.

நான் பொள்ளாச்சிப் பக்கத்துக் கோபாலபுரத்துக்காரி. பொள்ளாச்சியில் உணவியல் படித்துவிட்டு, ஏலப்பாறையில் ஜீப் ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டு மலையேறி வந்தவள். வாகமண் போகிற சாலையில் வீட்டுக்கு முன்னால் இருந்த இரண்டு அறைகளைக் கடையாக்கினோம். லைசன்ஸ் என் பெயரில். சமையலுக்கு ஆள் தேடியபோது மெர்சி அக்கா வந்தார். தேயிலை ஃபாக்டரி கேன்டீனில் பல வருஷம் சமைத்தவர். பிறந்ததும் வளர்ந்ததும் எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில்.

"ஏனுங்கக்கா, உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றேன்.

"ஏ யம்மா! இது என்ன புள்ள, வாய்க்கு வாய் ‘ங்க’ போடுத? நான் என்ன மேனேஜர் பொண்டாட்டியா?"

"எங்கூர்ல நாயைக் கூப்பிட்டாலும் இப்படித்தானுங்க கூப்பிடுவோம்."

"அப்ப சரி. நாயின்னே வச்சிக்கோ." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள், "கூலிக்கு வரமாட்டேன். பங்குக்குன்னா வாறேன். அடுப்படி என் பொறுப்பு, காயிதம் உன் பொறுப்பு" என்றும் சொல்லிவிட்டார். நான் யோசிக்கவே இல்லை. சரிங்க என்றேன்.

எங்கள் கடையில் நடந்த ஒத்திகையைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, கூட்டம் குறைந்த நேரத்தில், மெர்சி அக்கா என் வீட்டுக்காரரின் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடைகளைச் சோதிக்க வருகிற உணவுப் பாதுகாப்பு ஆபீசராக வாசல் வழியாக உள்ளே வருவார். இங்கே வருகிற ஆபீசர்கள்போல மலையாளத்தில்தான் பேசுவார். "ஆராணு இவிடத்த ஓணர்?" என்பார். ஓனர் நான்தான் என்று எழுந்து நிற்க வேண்டும். தலையில் வலைத் தொப்பி எங்கே, ஹெல்த் கார்டு எங்கே, மூடி இல்லாத குப்பைத் தொட்டி ஏன், ஃப்ரிட்ஜில் பச்சை மீன் மேல்தட்டில் என்ன செய்கிறது என்று சரமாரியாகக் கேள்வி வரும். மேசைக்கு அடிப்பக்கம் விரலை விட்டுத் தடவி என் மூக்குக்கு நேரே நீட்டுவார். ஒருமுறை நான் சிரித்துவிட்டேன். "சிரிக்கிது பாரு. இளிச்சா ஆபீசரு நோட்டீசு ஒட்டிருவாரு. மூஞ்சிய எட்டாங்கிளாசு புள்ள மாதிரி வச்சிக்கிட்டு நில்லு" என்று தமிழில் அதட்டிவிட்டு மறுபடி மலையாளத்துக்குப் போனார். என் மகள் மிருதுளாவுக்கு அப்போது மூன்று வயது. அவளும் ஒரு கரண்டியைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நடப்பாள்.

"ஆபீசரு மூக்கோட உள்ள வருவாரு, கண்ணோட வெளிய போவாரு" என்பது அக்கா அடிக்கடி சொல்வது. ஆபீசர் வண்டி குட்டிக்கானத்தில் ஏறுகிறது என்று அங்கே இருக்கும் பேக்கரிக்காரர் போன் செய்தால், மற்ற கடைகளில் பினாயிலைக் கொட்டித் தரையைக் கழுவுவார்கள். அக்கா அதைச் செய்ய விடமாட்டார். "பினாயில் வாசம் அடிச்சா எதையோ மறைக்கிதோம்னு அர்த்தம். சமையக்கட்டு சமையக்கட்டு மாதிரி மணக்கணும்." பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸ் கூடாது என்று உத்தரவு வந்த சமயம், கொச்சியிலிருந்து வந்த பையன்கள் அல்ஃபாம் கோழிக்கு மயோனைஸ் இல்லையா என்று தகராறு செய்தார்கள். அக்கா கரண்டியோடு வெளியே வந்து, "மோனே, உனக்கு மயோனைஸ் வேணும்னா உங்கம்மா கையால உண்டாக்கித் தின்னு. வயித்தால போனா அவங்களே தொடைப்பாங்க. இங்க எனக்கு ஆளில்ல" என்றார். பையன்கள் அரண்டுபோய் சம்பார மோர் குடித்துவிட்டுப் போனார்கள். போகும்போது அக்காவோடு செல்ஃபியும் எடுத்துக்கொண்டார்கள்.

முதல் உண்மையான பரிசோதனைக்கு ஒரு மேடம் வந்தார். எல்லாவற்றையும் பார்த்தார். அடுப்புக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். எண்ணெய்ச் சட்டியைச் சாய்த்துப் பார்த்தார். போகும்போது என்னைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்து, "நல்ல விருத்தியுண்டு" என்றார். நல்ல சுத்தம் என்று பொருள். அவ்வளவுதான் சொன்னார். மெர்சி அக்கா அன்று மதியம் சாப்பிடவில்லை. பின்பக்கத்துப் படியில் உட்கார்ந்து, சின்ன வயதில் டவுன் பேக்கரிக்கு பன் வாங்கப் போன கதையைச் சொன்னார். லயத்துப் பிள்ளைகள் வந்தால் கடைக்காரர் பன்னைக் காகிதத்தில் சுற்றி, கை படாமல் மேலேயிருந்து போடுவாராம். ஒருநாள் பன் நழுவிச் சேற்றில் விழுந்திருக்கிறது. "வேற குடுன்னு கேக்கல புள்ள. தொடச்சித் தின்னுக்கிட்டே வந்தேன். இன்னிக்கி ஆபீசரம்மா என்னையப் பாத்து விருத்தின்னுட்டாங்க." வாரம் முழுக்க அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லி எங்களைச் சலிக்க வைத்தார். அந்த நாளில் எனக்கு அவரைப் பிடித்ததுபோல என் கூடப்பிறந்தவர்களைக்கூடப் பிடித்ததில்லை.

இனி தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நம் கடைகளில் எல்லோரும் பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்க வைத்த சிவப்புத் தண்ணீரைத்தான் குடிக்கக் கொடுக்கிறோம். கொதித்த தண்ணீர் சூடாக இருக்கும். அவசரத்துக்கு அதில் குழாய்த் தண்ணீரைக் கலந்து ஆற்றிக் கொடுக்கிற பழக்கம் எத்தனையோ கடைகளில் உண்டு என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கலந்தாலும் நிறம் மாறாது, குடிக்கிறவருக்குத் தெரியாது. எங்கள் குழாயில் வருவது மேல் சரிவில் இருக்கும் ஓலி, அதாவது ஊற்றுக்குழித் தண்ணீர். வேனலில் கண்ணாடிபோல இருக்கும். மழை பிடித்தால் மலை முழுவதையும் கழுவிக்கொண்டு அந்தக் குழிக்குள்தான் இறங்கும். அதனால் நான் ஒன்றே ஒன்றில்தான் கண்டிப்பாக இருந்தேன்: கொதித்த தண்ணீரில் பச்சைத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கலக்கக் கூடாது. காலையில் நானே அண்டாவில் கொதிக்க வைத்து, குழாய் வைத்த டிரம்மில் ஊற்றி மூடுவேன். மெர்சி அக்கா இந்த விஷயத்தில் என்னைவிடக் கடுமை. பாத்திரம் கழுவ வந்த பெண்களிடம் அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்: "நெறத்தப் பாத்து நம்பாதீக. நெறம் மரப்பட்டையோடது. கொதிச்சுதா இல்லியான்னு தண்ணிக்கித்தான் தெரியும்." ஒத்திகையில்கூட ஆபீசராக டிரம்மைத் தட்டி, "இது திளப்பிச்ச வெள்ளமாணோ?" என்று, கொதித்த தண்ணீர்தானா என்று, கேட்காமல் விடமாட்டார்.

போன மழைக்கு முந்தின மழையில் மிருதுளாவுக்குக் காய்ச்சல் வந்தது. சாப்பிட்டதெல்லாம் வாந்தி. மூன்றாம் நாள் ஜன்னல் வெளிச்சத்தில் தலை சீவிக்கொண்டிருந்தபோது அவள் கண்ணின் வெள்ளை வெள்ளையாக இல்லை. மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். தண்ணீர் வழியாக வந்தது, கொதிக்காத தண்ணீர் எங்கேயோ குடித்திருக்கிறாள் என்று டாக்டர் சொன்னார். என் மாமியார் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, "நாலெழுத்துப் படிச்சு என்னத்துக்கு ஆவும்? பெத்த புள்ள குடிக்கித தண்ணியப் பாக்கத் தெரியல" என்றார். எனக்கும் அதே கேள்விதான் இருந்தது.

நான் சாதாரணமாகவே பயந்தவள். குழந்தை இருமினால் உட்கார்ந்துவிடுவேன். அந்த நாட்களில் என்னை நானே விசாரித்துக்கொண்டே இருந்தேன். எந்தப் பாட்டிலை நான் கொதிக்க வைக்காமல் நிரப்பினேன்? எந்தக் காலையில் அண்டா கொதிப்பதற்கு முன் இறக்கினேன்? பால்வாடியிலா, பல் தேய்க்கும்போதா, மழையில் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றாளே அப்போதா? ஆஸ்பத்திரிக்கு தினமும் கஞ்சி கொண்டுவந்தவர் மெர்சி அக்காதான். நான் ஊட்டினால் துப்புகிற பிள்ளை அவர் மடியில் உட்கார்ந்து குடித்தாள். என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "பால்வாடித் தண்ணியாத்தான் இருக்கும் புள்ள. அழாத. நம்ம கடத் தண்ணியில ஒண்ணுமில்ல" என்றார். அவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது. அதைத் துடைத்துவிட்டவள் நான்.

அதற்குள் எங்கள் கடையில் சாப்பிடுகிற ஜீப் டிரைவர்கள் இரண்டு பேருக்கும் அதே காமாலை. மேடம் மறுபடி வந்தார். இந்தத் தடவை வண்டி ஏறுகிறது என்று யாரும் போன் செய்யவில்லை. குழாயிலிருந்தும் டிரம்மிலிருந்தும் பாட்டிலில் தண்ணீர் பிடித்தார்கள். "வெள்ளத்தின்றெ காரியம் ஆரா நோக்குந்நது?" தண்ணீரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று மேடம் கேட்டார். நான் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தவள், தலைகூடச் சீவவில்லை. வாயைத் திறப்பதற்குள் மெர்சி அக்கா சொன்னார்: "இவதான் மேடம். லைசன்சும் இவ பேருதான். காலையில வெள்ளம் திளப்பிக்கிறது, ஊத்துறது, எல்லாம் இவ கைதான். நான் அடுப்படி மாத்திரம்."

பொய் இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். அதனால் அந்த நேரத்தில் எனக்கு வலிக்கக்கூட இல்லை. உண்மையைத்தானே சொல்கிறார் என்று தலையை ஆட்டினேன். மேடம் என்னைப் பார்த்த பார்வைதான் ரொம்ப நாள் கூடவே இருந்தது. தண்ணீர் சரியாகும்வரை கடையை மூடும்படி நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டில் இருந்த ஒரு பெண், நான் இருப்பது தெரியாமலோ தெரிந்தோ, "அவ சொந்தப் புள்ளைக்கே குடுத்திருக்கா, ஊராளுக்குக் குடுக்க மாட்டாளா?" என்றாள்.

மிருதுளா தேறி வீட்டுக்கு வந்தாள். ஒருநாள் மதியம் சாப்பாட்டுக்கு இளஞ்சூடாக வெந்நீர் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு, "சுடுது. பெரியம்மா மாதிரி ஆத்திக் குடு" என்றாள். மெர்சி அக்காவைத்தான் அவள் பெரியம்மா என்பாள்.

"பெரியம்மா எப்படி ஆத்துவாங்க, சாமி?"

கீழே இறங்கினாள். டம்ளரை எடுத்துக்கொண்டுபோய்ப் பாத்திரம் கழுவுகிற குழாயடியில் நின்று காட்டினாள். சிவப்புத் தண்ணீர் பாதி. குழாய்த் தண்ணீர் பாதி. விரலை விட்டுக் கலக்கி, "இப்ப குடி என் ராசாத்தி" என்று அக்கா குரலிலேயே சொன்னாள்.

எத்தனை தடவை என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு விரல்களுக்கு நடுவிலிருந்து, "அம்மாட்ட சொல்லக் கூடாதுன்னு பெரியம்மா சொல்லுச்சு" என்றாள்.

"எப்பச் சொன்னாங்க?"

"ஆஸ்பத்திரில. கஞ்சி குடிக்கும்போது."

தண்ணீர் கலந்ததை நான் என்றைக்காவது மன்னித்திருப்பேன் என்று இன்னமும் நினைக்கிறேன். பிள்ளை சுடுகிறது என்று அழுதால் யாருக்கும் கை குழாய்ப் பக்கம் போகும். ஆனால் டாக்டர் என்ன சொன்னார் என்று தெரிந்த பிறகு, நான் என்னையே கிழித்துக்கொண்டிருந்ததை அதே அறையில் பார்த்துக்கொண்டு, காமாலைப் பிள்ளையின் வாயில் கஞ்சியையும் வைத்து, அதன் வாயையும் மூடியிருக்கிறார். நான் வராந்தாவில் மருந்துச் சீட்டோடு நின்ற நேரமாக இருக்கும். எந்த நேரம் என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை.

மூடின கடைக்கு மெர்சி அக்கா தினமும் வந்துகொண்டிருந்தார். நான் போனபோது பெரிய உருளியைக் கவிழ்த்துப்போட்டு அடிக்கரி தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, பாப்பாவுக்குப் பைப்புத் தண்ணி கலந்து குடுத்தீங்களா?"

தேய்ப்பதை நிறுத்தவில்லை. "சுடுது சுடுதுன்னு அழுதா. ஒரு கை தண்ணி. அம்புட்டுத்தான்."

"வந்தவங்களுக்கும் அப்படித்தானுங்களா?"

"டூர் பஸ்ஸு வந்து நிக்கும்போது என்ன செய்யச் சொல்லுத? சோத்தப் போட்டாச்சு, நாப்பது பேரு தொண்ட விக்கி நிக்கான். உன் தண்ணி வாயில வைக்க முடியாத சூடு. அது ஆறுத வரைக்கும் பஸ்ஸு நிக்குமா?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க."

அப்போதுதான் நிமிர்ந்தார். "சொல்லி? நீன்னா படிச்ச புள்ள, தெரியாம நடந்துபோச்சும்பாங்க. நாலு நாள் பேசிட்டு விட்டுருவாங்க. என்னைய என்ன சொல்லுவாங்கன்னு உனக்குத் தெரியாதா? லயத்துக்காரிய அடுப்படியில விட்டா இப்படித்தான்பாங்க. அந்த மேடம் வாயால அதக் கேக்கதுக்கு நான் உசுரோட இருக்க மாட்டேன் புள்ள."

"அதுக்கு எம்புள்ள வாயை மூடுனீங்களா?"

உருளியை மறுபக்கம் திருப்பினார். நார் எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்துக்கொண்டே, "சின்னப் புள்ளதான. மறந்துரும்னு நெனச்சேன்" என்றார்.

அந்த பன் விழுந்த சேறு எனக்கு நினைவில்லாமல் இல்லை. அவர் எதற்குப் பயந்தார் என்பது அங்கே நின்றபோதே புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையும் என்று சொல்கிறவர்கள் யாரையும் நம்பிப் பிள்ளையை விட்டிருக்க மாட்டார்கள். நான் வீட்டுக்கு வந்தேன். மறுநாள் முதல் அவர் வரவில்லை. வாகமண் பக்கம் ஒரு ஹோம்ஸ்டேயில் சமையலுக்குச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன். கடையைத் திறந்தபோது இரண்டாவதாக ஓர் அண்டா வாங்கினேன். முந்தின நாளே கொதிக்க வைத்து, மூடி, ஆறவிட்டு, மறுநாள் பஸ் கூட்டத்துக்குக் கொடுக்கிறேன். சூடும் இல்லை, கலப்பும் இல்லை. ஓர் அண்டாவில் தீர்கிற விஷயம். ‘புள்ள, தண்ணி சூடா இருக்கு, ஆள் நிக்கான்’ என்று ஒருநாள் வாய்விட்டிருந்தால் அன்றைக்கே வாங்கியிருப்பேன். மேடம் கேட்டபோதாவது சொல்லியிருந்தால், நான் அவர் பக்கம் நின்றிருப்பேனா, கத்தியிருப்பேனா என்று தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளக்கூட அவர் என்னை விடவில்லை.

மிருதுளா மட்டும் பல நாள் சாயங்காலம் கடை வாசலில் நின்று பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியம்மாவுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லிவைத்திருந்தேன். பிறகு அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். மறந்துவிட்டாள் என்று நானும் நினைத்தேன். அக்கா நினைத்த அதே வார்த்தையைத்தான் நினைத்தேன் என்பது இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

அடக்கத்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். பெட்டிக்குள் அக்கா வெள்ளைச் சேலையில், கையில் ஜெபமாலையோடு இருந்தார். மிருதுளா கிட்டே வரமாட்டேன் என்றாள். என் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, அங்கே நின்ற யாருக்கும் கேட்காத குரலில், "நான் சொன்னதாலயாம்மா?" என்றாள்.

"என்ன சாமி?"

"நான் உங்கிட்டச் சொல்லிட்டேன்ல. அதனாலதான பெரியம்மா வராம போச்சு. இப்பச் செத்துப்போச்சு."

ஒரு வருஷமாக ஐந்து வயதுப் பிள்ளை இதைச் சுமந்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத்தான் ஒருதரம் தெரிந்துபோயிற்றே.

ஏழாம் நாள் ஜெபத்தில் நீங்கள் பேசக் கூப்பிட்டபோது நான் வெளியே போனது இதற்காகத்தான். அதுவரை அவளுக்குச் சரியான பதில் சொல்லியிருக்கவில்லை. சர்ச்சுக்குப் பின்னால், தேயிலைச் சரிவைப் பார்த்த சுவரில் அவளை உட்கார வைத்தேன். "நீ சொன்னது சரி. நீ சொல்லாம இருந்திருந்தா இன்னும் நிறையப் பேருக்குக் காய்ச்சல் வந்திருக்கும். பெரியம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது வேற. நீ சொன்னதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்றேன்.

"அப்ப பெரியம்மா கெட்டவங்களா?"

ஆமாம் என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. உள்ளே நீங்கள் மைக்கில் அவருடைய கைச்சுத்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள். "இல்ல" என்றேன். "ரொம்பப் பயந்தவங்க. பயத்துல உங்கிட்ட ஒரு தப்பான காரியம் சொல்லிட்டாங்க. பெரியவங்க யாரு அப்படிச் சொன்னாலும் நீ எங்கிட்ட வந்து சொல்லணும். நானே சொன்னாலும் அப்பாகிட்டச் சொல்லணும்."

யோசித்தாள். "நீ திட்ட மாட்டியா?"

"மாட்டேன்."

"மூஞ்சிய அப்படி வெக்க மாட்டியா?"

"வெக்காம இருக்கப் பாக்கறேன், சாமி" என்றேன்.

போன வாரம் கடையில் புதிதாகச் சேர்ந்த சாந்தி காலையிலேயே என் முன்னால் வந்து நின்றாள். உப்புத்துறைப் பக்கத்து லயத்திலிருந்து வருகிறவள். "அக்கா, நேத்துச் சாயங்காலத் தேங்காச் சட்னிய ஃப்ரிட்ஜில வைக்க மறந்துட்டேன். காலையில வந்து பாத்துட்டு உள்ள வச்சேன். இப்ப ரெண்டு மேசைக்கு ஊத்திட்டேன்" என்றாள். இரண்டு மேசைக்கும் நானே போய், சட்னி சரியில்லை, எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லித் தட்டை மாற்றினேன். மீதியைக் குப்பையில் கொட்டினேன். அவளைத் திட்டவில்லை. முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டேனா என்று தெரியாது, வைத்துக்கொள்ளப் பார்த்தேன். தப்பைத் தானாக வந்து சொல்கிற ஆளுக்கு அன்றைக்கு என் கடையில் திட்டு கிடையாது. மேடம் வந்து யார் செய்தது என்று கேட்டால் கடை செய்தது என்றுதான் பதில், லயத்துக்காரி செய்தாள் என்று யார் வாயிலும் வராது. சாந்திக்கு இதைச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தேன்.

மெர்சி அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்த ஒன்றுதான். அவர் எனக்கு இதைக் கற்றுத்தரவில்லை, விட்டுப்போகவும் இல்லை. தப்பைச் சொன்னால் பழி அவர்மேல் விழாது என்ற இந்த வாக்கை அவர் என்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவருக்குக் கொடுக்க முடியாமல் போனதை இப்போது சாந்திக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், கோபம் தீராமலேயே.